குக்கர் வேண்டாம் என்றவர்

கிழவரைப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அவருக்கும் எனக்கும் குக்கரில் கொழுவல்.

அவருடைய மகள் சொல்லித்தான் கொண்டுபோனேன். அப்பாவுக்குக் கொண்டைக்கடலை என்றால் உயிர், ஆனால் பல் கட்டியிருக்கிறார், நன்றாக மசிய வேண்டும் என்று சொல்லியிருந்தார். இத்தாலிக்காரர் கடலையை அடுப்பில் வைத்துவிட்டு அரை நாள் காவல் இருப்பார்கள். நான் ஐந்து விசிலில் வெண்ணெய் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு எழுப்பம். ஊறவைத்த கடலையையும் குக்கரையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, பொலிதேயாமா நாடகக் கொட்டகைக்குப் பின்தெருவில் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறிப் போனேன். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. அடுப்பில் வைத்தேன். முதல் விசில் வந்தது. சாப்பாட்டு அறையில் கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் சுவரோடு ஒட்டி நிற்கிறார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. இரண்டாவது விசிலுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், சிஞ்ஞோரா,” என்றார். “மன்னிக்க வேண்டும். மற்றது எல்லாம் உங்கள் விருப்பம். அது மட்டும் இந்த வீட்டில் வேண்டாம்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கறி மணம் பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்ல வேண்டியதுதானே, குக்கரில் ஏன் பழியைப் போடுகிறார் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் என் கணவரிடம் சொல்லிக் கத்தினேன். அவர் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடல் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. கணவாய் துப்பரவாக்கித் துப்பரவாக்கி உலகத்தில் எதற்கும் பதட்டப்படாத மனிதராகிவிட்டார்.

“கிழவருக்கு எங்கட சாப்பாடு பிடிக்கேல்லையாக்கும்,” என்றார்.

“சாப்பாடு இல்லையப்பா. கடலை முழுக்கத் திண்டு, கோப்பையைப் பாணாலை வழிச்சுத் துடைச்சவர். குக்கர்தான் வேண்டாமாம்.”

“அப்ப விசர். விசரோடை ஏன் மல்லுக்கட்டுறாய்? பானையிலை அவிச்சுக் குடு.”

பானையில்தான் அவித்தேன். அரை நாள் காவலும் இருந்தேன்.

அவருக்கு அப்போது தொண்ணூற்றேழு வயது. பெயரைச் சொல்லப் போவதில்லை, மகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார். கொஞ்சம் படித்தவர்களை எல்லாம் இத்தாலியில் தொத்தோரே என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இளம் வயதில் பத்திரிகையில் எழுதியவராம். பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் காலம் முழுக்க வேலை. பத்திரிகையை ஏன் விட்டார் என்று மகளுக்கே தெரியாது. “அப்பா அப்படித்தான்,” என்பார் மகள். அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் பேசத் தொடங்கினால் முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் போடமாட்டார். இது என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். ஒரு நாள் கூட இருந்து பார்த்தால் தெரியும். தொலைபேசியில் யாரோ எரிவாயு விற்கிறவன் கூப்பிடுவான். நானென்றால் “நோ, கிராட்சியே” என்று பட்டென்று வைத்துவிடுவேன். இவர் ரிசீவரைக் காதில் பிடித்தபடி, அவன் ஒப்பித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். அவன் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாலும் பொறுத்திருப்பார். முடிந்த பிறகு, “உங்களைக் கேட்டேன். எனக்குத் தேவையில்லை. வணக்கம்,” என்பார். விற்கிறவனே பயந்துபோயிருப்பான்.

தொலைக்காட்சியில் அரசியல் வாக்குவாதம் வந்தால் உடனே நிறுத்தச் சொல்வார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்க்க அவரால் ஏலாது. மகள் வந்து, மருந்து குடிக்கவில்லை, சவரம் செய்யவில்லை என்று ஏசுவார். அதையும் முழுக்கக் கேட்பார். மகளுக்கு அதிலேயே பாதிக் கோபம். “ஏதாவது சொல்லுங்கள் அப்பா!” என்று கத்துவார். “நீ இன்னும் முடிக்கவில்லை,” என்பார் இவர்.

இன்னொன்று இருந்தது. நான் ஏதும் முக்கியமான விஷயம் சொல்லப் போகிறேன் என்று பட்டால் எழுந்து நிற்பார். இங்கே இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போக வேண்டும், அரை நாள் லீவு வேண்டும் என்று கேட்கப் போனால், கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க, தொண்ணூற்றேழு வயது மனிதர் எழும்புகிறார். எனக்கு எப்படி இருக்கும்? இந்த ஊரில் வேலைக்காரியோடு எல்லாரும் நீ, வா, போதான். இவர் நீங்கள் என்பார், எழும்பியும் நிற்பார்.

“ஐயோ தொத்தோரே, இருங்கள். லீவு கேட்க வந்தேன், பாட்டுப் பாட வரவில்லை.”

“இருந்துகொண்டு கேட்டால் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று படுகிறது,” என்பார்.

மற்றபடி மகாராசாதான். குசினிக்குள் காலே வைக்கமாட்டார். தண்ணீர்க் கோப்பை கைக்கு வர வேண்டும். சப்பாத்து நான் கட்டிவிட வேண்டும். அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாமலே ஒரு நூற்றாண்டைக் கடத்திய ஆள்.

காலையில் நடக்கக் கூட்டிக்கொண்டு போவேன். ஏலாத நாட்களில் சக்கரக் கதிரை. பொலிதேயாமாச் சந்தியில் போக்குவரத்துப் பொலிஸ்காரன் விசில் ஊதினால் என் கை நொறுங்கும். அப்படிப் பிடிப்பார். வுச்சீரியாச் சந்தையில் மீன்காரன் ஒருவன் தன் கூட்டாளியைக் கூப்பிட இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு விசில் அடித்தான். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தைக்குப் பின்னால், இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து இடிந்த வீடு ஒன்று அப்படியே கிடந்தது. சுவருக்குள் அத்திமரம் முளைத்திருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவார். சொந்தக்காரர் செத்த வீடாக்கும் என்று நினைத்து, நானும் கொஞ்சம் மெதுவாகத் தள்ளுவேன்.

விசிலுக்கும் தொப்பிக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாசியில் நான் லீவு கேட்டேன். அரை நாள் இல்லை, முழுக் கிழமை.

“எங்கே போகிறீர்கள்?”

“ஜெனீவாவுக்கு.”

எழும்பிவிட்டார். ஆனால் வழக்கமாக எழும்புகிற மாதிரி இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “அங்கே என்ன?” என்று கேட்டார்.

அங்கே நாடுகள் எல்லாம் கூடி மனித உரிமைகளைப் பற்றிப் பேசுகிற மாதம் அது. வருடா வருடம் எங்கள் ஆட்கள் பஸ் பிடித்துப் போவார்கள். அந்த முறை, காணாமல் போனவர்களின் குடும்பத்தில் சிலருக்கு உள்ளே ஒரு அறையில் பேச இடம் கிடைத்திருந்தது. அதில் நானும் ஒருத்தி. என் தம்பிக்காக.

தம்பியின் கதைக்கு இரண்டு பாதி. வன்னியில் சண்டை முற்றியிருந்த நேரம், பங்கருக்குள் இருந்தவனை வெளியே இழுத்துக்கொண்டு போனது இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்த எங்கள் பெடியள்தான். அவனுக்குப் பதினேழு வயது. அம்மா அவர்களுடைய காலைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனார்கள். பிறகு எப்படியோ தப்பி ஓடி வந்தான். எல்லாம் முடிந்து நாங்கள் பாலத்தைக் கடந்து ஆமியிடம் போனபோது, ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அம்மா நம்பினார். தன் கையாலேயே அவனுடைய கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவனை ஏற்றிய பஸ்ஸை நானும் பார்த்தேன். இன்றுவரை ஒரு தகவல் இல்லை.

கூட்டங்களை ஒழுங்குசெய்கிற அண்ணை ஒருவர் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். “தங்கச்சி, முதல் பாதி எங்கட வீட்டு விசயம். அதைக் கொண்டுபோய் ஏன் அங்கை கதைப்பான்? ரெண்டாம் பாதியை மட்டும் சொல்லுங்கோ, காணும்.”

“முதல் பாதியை விட்டா அவன் தானாப் போனவன் எண்டெல்லோ எழுதுவினம், அண்ணை. தானாப் போனவனை ஆர் தேடுவினம்?”

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவன் தானாகப் போகவில்லை. இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போன பிள்ளை. அதை ஒரு இடத்தில், ஒருமுறை, தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் என் குசினி இத்தாலியனில் தொத்தோரேக்குச் சொன்னேன். சில இடத்தில் சொல் வராமல் நின்றேன். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. நின்றபடி காத்திருந்தார். நான் முடித்த பிறகுதான் கதிரையில் இருந்தார். யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

“நானும் ஜெனீவாவுக்குப் போயிருக்கிறேன். நாடுகள் எல்லாம் கூடுகிற சபை அப்போதும் அங்கே இருந்தது. இனிமேல் உலகத்தில் சண்டை வராமல் பேசித் தீர்ப்பதற்கென்று உண்டாக்கிய சபை. எங்கள் நாடு அபிசீனியா மேல் படையெடுத்துப் போய் அதைப் பிடித்துவிட்டது. அந்த நாட்டு அரசர் தப்பி வந்து, அந்தச் சபையில் ஏறி நின்றார். உதவி கேட்க வந்தார். சின்ன உருவம், கறுப்புப் போர்வை. எங்கள் விமானங்கள் தன்னுடைய சனத்தின் மேல் விஷத்தை மழை மாதிரிக் கொட்டியதைச் சொல்ல வந்தார்.”

நிறுத்தினார். நான் அவரிடம் பழகியதை அவருக்கே செய்தேன். பேசாமல் இருந்தேன்.

“பத்திரிகைக்காரருக்கு மேலே இடம். நாங்கள் கொஞ்சப் பேர் போயிருந்தோம். எங்களுக்கு விசில் தந்து அனுப்பியிருந்தார்கள். அவர் வாயைத் திறந்ததும் ஊதினோம். நானும் ஊதினேன், சிஞ்ஞோரா. கன்னம் நோகும்வரை ஊதினேன். அவர் கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நாங்கள் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளே அவர் பேசி முடித்தார். நான் கேட்கவில்லை.”

“பிறகு?”

“ஊருக்கு வந்தபோது ஸ்டேஷனில் தோளில் தூக்கினார்கள். உள்ளே இருந்த கனவான்கள் அவருக்குக் கை தட்டினார்களாம். கை தட்டிவிட்டு, கொஞ்ச நாளில் எங்கள் நாட்டின் மேல் போட்டிருந்த தடைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று வடக்கே இன்னொரு சர்வாதிகாரி பார்த்துப் படித்துக்கொண்டான். கொஞ்ச வருடத்தில் எல்லார் தலையிலும் குண்டு. வுச்சீரியாவில் அந்த இடிந்த வீடு இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் இதிலும் என்னுடைய மூச்சு இருக்கிறது என்று படும்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். “அவர் தன்னுடைய மொழியில் பேசினார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. என்னவென்றே தெரியாததற்குத்தான் விசிலடித்தேன்.”

இந்த இடத்தில் நான் உருகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். உருகவில்லை. கோபம் வந்தது. எங்கள் தலைக்கு மேலும் விமானம் சுற்றியது. பங்கருக்குள் கிடந்தபடி, உலகத்தில் எங்கேயோ ஒரு பெரிய மண்டபத்தில் யாரோ எங்களுக்காக எழுந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அப்படிப் பேச எழுந்த ஒருவரை ஊதி நிறுத்திய வாய்க்கு நான் தினமும் சூப் ஊட்டுகிறேன். அந்தக் காலுக்குச் சப்பாத்துக் கட்டுகிறேன்.

அடுத்த நாள் குக்கரைக் கொண்டுபோனேன். ஒன்றும் கேட்கவில்லை, நேரே அடுப்பில் வைத்தேன். கடலைக்கு ஐந்து விசில் போதும். நான் நிறுத்தவில்லை. விடட்டும் என்று விட்டேன். கடலை கூழாகிவிட்டது. சாப்பாட்டு அறையில் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்து இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, கண்ணைத் திறந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பையை அவர் முன்னால் சத்தம் கேட்க வைத்தேன்.

“நான் ஊதியது இதைவிடக் கூடுதல்,” என்றார். கூழைச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து குக்கர் அந்த வீட்டிலேயே நின்றது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் விசிலை எண்ணி நிறுத்தினேன்.

ஜெனீவாவுக்குப் போகிறதுக்கு முந்திய ஞாயிறு, ஒரு பாதிரியார் இரவல் தந்த மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கூட்டம். போகிறவர்கள் எல்லாரும் பேசிப் பார்க்க வேண்டும். தொத்தோரேயின் மகள் வடக்கே பேரப்பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தார். கிழவரைத் தனியே விட ஏலாது. சக்கரக் கதிரையில் போர்வையைச் சுற்றி, அவரையும் தள்ளிக்கொண்டு போனேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினேன். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். தொடக்கத்திலிருந்துதான் தொடங்கினேன்.

“பங்கருக்குள்ளை இருந்த என்ர தம்பியை எங்கட பெடியள்தான் வந்து இழுத்துக்கொண்டு—”

ஒரு விசில் வந்தது. வாய்க்குள் விரலை விட்டு அடிக்கிற விசில். பிறகு இன்னொன்று. பிறகு கூக்காட்டத் தொடங்கினார்கள். “இறங்கடி!” என்று ஒரு குரல். “ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?” என்று இன்னொரு குரல். பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள். என் வீட்டில் புட்டுத் தின்றவர்கள். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவர்கள். என் கணவர் முன்வரிசையில் இருந்து எழும்பவா விடவா என்று முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. என் சனத்தைப் பார்த்து வெட்கம். அதிலும் பின்னால் இருக்கிற அந்த மனிதர் இதைக் கேட்கிறாரே என்ற வெட்கம். நீங்கள் மட்டும் இல்லை தொத்தோரே, நாங்களும் இதுதான் என்று காட்டக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் எழும்பினார். போர்வை கீழே விழுந்தது. முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கிழட்டு நெஞ்சுக்குள் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ தெரியாது.

“நிறுத்துங்கள்! விசிலடித்தவன் நான் ஒருவன் சொல்கிறேன்!”

இங்கே வளர்ந்த பெடியளுக்கு இத்தாலியன் தண்ணி பட்ட பாடு. விசிலடித்ததும் அவர்கள்தான், திடுக்கிட்டு நிறுத்தியதும் அவர்கள்தான். அவர் அபிசீனிய அரசரின் கதையை முழுக்கச் சொன்னார். கறுப்புப் போர்வை, மேல்மாடி, விசில், படியில் நின்று சிரித்தது, ஸ்டேஷனில் தோளில் தூக்கியது எல்லாம். இந்த வயதுவரை அந்தச் சத்தம் தன் காதை விட்டுப் போகவில்லை என்றார். “என்ன சொல்லுறார், என்ன சொல்லுறார்?” என்று பெரியவர்கள் கேட்க, ஒருவன் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முடித்ததும் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். விசிலடித்தவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அவரைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்தார், ஒருவர் போர்வையை எடுத்துப் போர்த்தார், பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஒழுங்குசெய்த அண்ணை என்னிடம் வந்து, “நல்ல மனிசன் தங்கச்சி. பெரிய மனசு,” என்றார். பாதிரியாருக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க நேரமாகிவிட்டது என்று ஒருவன் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினான். நான் மேடையில் அப்படியே நின்றேன். பேச்சின் மிச்சம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

சக்கரக் கதிரையை வேகமாகத் தள்ளினேன். கல்லுப் பாவிய தெருவில் அவருடைய உடம்பு குலுங்கியது. மெதுவாகப் போங்கள் என்று அவர் சொல்லவில்லை. என் கணவர் பின்னால் ஓடிவந்தபடி, “ஏனப்பா கோவிக்கிறாய், மனிசன் உனக்காகத்தானே எழும்பினது?” என்றார்.

“எனக்காக எழும்பினவர் எனக்கு விட்டிட்டெல்லோ இருந்திருக்க வேணும்!”

அன்றைக்கு லிப்ட் வேலை செய்தது. உள்ளே நாங்கள் இரண்டு பேர். இரும்புக் கதவு மூடியதும் அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் மறுபடியும் செய்துவிட்டேன்.”

நான் மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினேன்.

“விசில் இல்லாமல் செய்துவிட்டேன். அவர்களை நிறுத்திய பிறகு நான் கதிரையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்டார்கள். என்னைக் கேட்டார்கள். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.” மூன்றாம் மாடி வந்துவிட்டது. “பேச வந்த இரண்டு பேரை நான் நிறுத்தியிருக்கிறேன், சிஞ்ஞோரா. இந்த வயதிலும்.”

“ஓம்,” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

ஜெனீவாவுக்குப் போனேன். கிழவரின் பேச்சுக்குப் பிறகு என்னைத் தடுக்க அண்ணைக்கு முகமில்லை. தீவிலிருந்து கப்பல், பிறகு பஸ், இருந்து இருந்து கால் வீங்கிப் போய்ச் சேர்ந்தேன். கொடிகள் வரிசையாகப் பறக்கிற அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்ததும், இங்கேதான் விசிலடித்திருப்பார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது நடந்தது வேறு கட்டடத்திலாம்.

எங்களுக்குத் தந்தது சின்ன அறை. மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள். பாதிக் கதிரை வெறுமை. இருந்தவர்களில் ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டார். ஒரு பெண் தொலைபேசியைப் பார்த்து எதற்கோ சிரித்தாள். நான் பங்கரிலிருந்து தொடங்கினேன். எங்கள் பெடியள் என்ற சொல்லை வாய் நிறையச் சொன்னேன். அண்ணை குனிந்து நிலத்தைப் பார்த்தார், ஆனால் பேசாமல் இருந்தார். மொழிபெயர்த்தவள் என் பின்னால் ஓடி ஓடி வந்தாள். பாலத்தடிக்கு வந்துவிட்டேன். ஒலிபெருக்கி சொன்னதைச் சொல்லிவிட்டேன். அம்மா கையைப் பிடிக்கிற இடம். தலைமை வகித்த பெண் இரண்டு கையையும் கூப்புகிற மாதிரி வைத்து, நல்ல இனிமையாகச் சிரித்து, நேரம் முடிந்துவிட்டது, மிகவும் நன்றி என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

விசில் இல்லை, கூ இல்லை. வாசலில் வந்து நின்றபோது என் உடம்பில் ஒரு துணியும் இல்லாத மாதிரி இருந்தது. தம்பியைப் பாலத்தடியிலேயே பாதிக் கதையில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து வேலைக்குப் போன காலை, குசினியில் கடலையைக் குக்கரில் போட்டு மூடி, அடுப்பை மூட்டினேன். திரும்பினால் குசினி வாசலில் நிற்கிறார். தடியை ஊன்றிக்கொண்டு, அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை.

“சொல்லி முடித்தீர்களா?”

“இல்லை.”

“விசிலடித்தார்களா?”

“இல்லை, தொத்தோரே. நன்றி சொன்னார்கள்.”

அவர் முகம் சுருங்கியது. “எங்களைவிடக் கெட்டிக்காரர்,” என்றார். பிறகு சுவரோடு சாயாமல், தடியை இரண்டு கையாலும் பிடித்து நேரே நின்றார். “சொல்லுங்கள்.”

“உங்களுக்குத்தான் தெரியுமே.”

“என்னுடைய மொழியில் சொன்னீர்கள். சொல் தேடித் தேடிச் சொன்னீர்கள். உங்கள் மொழியில் சொல்லுங்கள்.”

“உங்களுக்கு ஒன்றும் விளங்காதே.”

“அன்றைக்கும் விளங்கவில்லை,” என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலங்காத்தாலே, ஏப்ரனும் கட்டிக்கொண்டு, ஒரு இத்தாலிக் கிழவருக்குத் தமிழில் கதை சொல்வதா? ஆனால் அவர் நின்றார். கால் நடுங்கியது, நின்றார். சொல்லத் தொடங்கினேன். பங்கர், மழைத் தண்ணீர், அம்மா பிடித்த கால். அவன் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இத்தாலியனில் அந்தச் சட்டை வரவில்லை. ஓடி வந்தவன் இரண்டு நாள் பேசாமல் சோறு மட்டும் தின்றது. பாலம். ஒலிபெருக்கி. “அம்மா சொன்னவ, போயிட்டு வா ராசா, பின்னேரம் விட்டிடுவினம் எண்டு. சொல்லிப்போட்டு அவன்ர கையை அவங்களிட்டை...”

குக்கர் இரையத் தொடங்கியது. மூடி மேலே இருந்த விசில் குண்டு ஆடியது. இதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் வாயை நிறுத்த ஏலவில்லை. அவர் தடியை விட்டார். இரண்டே எட்டில் அடுப்படிக்கு வந்து, எந்தத் திருகு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தடவி, நெருப்பை அணைத்தார். விசில் வரவில்லை. திரும்பி, அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, தொடருங்கள் என்று தலையை அசைத்தார்.

முடித்தேன். பஸ் தூசிக்குள் மறைகிறவரை சொன்னேன். அதற்குப் பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

அவர் போய் இப்போது சில வருடம். என் தம்பியின் கதையை முதலிலிருந்து கடைசிவரை நின்று கேட்டவர், இந்தப் பெரிய உலகத்தில், அந்த ஒருவர்தான். அதை நினைத்தால் அவருக்காக வெட்கப்படுவதா, மற்ற எல்லாருக்காகவும் வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று மதியம் கடலையைத் திறந்து பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. மறுபடி வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கட்டுப்பல்லால் ஒவ்வொன்றாகக் கடித்து, கோப்பை முடியும்வரை சாப்பிட்டார். நானும் எதிரே இருந்து சாப்பிட்டேன்.